தின்றும் இளைக்கும் கிளி

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை உள்ள தமிழ்க் குடும்பங்களில் வெள்ளைக்கழிச்சல் என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். கோழி சிறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கி நின்றாலே வீட்டுப் பெண்கள் அதன் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிடுவார்கள். எச்சம் சுண்ணாம்புபோல வெளுத்தோ பச்சை கலந்தோ இருந்தால் மற்றக் கோழிகளைத் தனியே அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. கால்நடை மருத்துவர்கள் இராணிக்கெட் என்றும் உலக நூல்கள் நியூகாசில் என்றும் குறிக்கும் அந்த நோய், 1926இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் தலைகாட்டியது. குடல், மூச்சு, நரம்பு ஆகிய மூன்றையும் தாக்கும் வைரஸ் நோய் அது. நம் மக்கள் நூல் எதையும் புரட்டாமல், எச்சத்தின் நிறத்தைப் பார்த்தே அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே வீட்டுக் கூரைக்கு மேலே காலையும் மாலையும் கூச்சலிட்டுப் பறக்கும் பச்சைக்கிளிக்கு வயிற்றில் நோய் வந்தால் அதைச் சொல்வதற்கு நம்மிடம் ஒரு பெயரும் இல்லை.

கோழியை அந்தியில் எண்ணி அடைக்கிறோம். ஒன்று குறைந்தால் தெரிந்துவிடும். கிளியை யாரும் எண்ணுவதில்லை. கூட்டமாக வாழும் பறவை தன் நோயைக் கடைசி நாள்வரை மறைக்கும், ஏனென்றால் தளர்ந்து தெரிகிற ஒன்றைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கிறது. கூட்டத்தோடு பறக்க இயலாமல் போனபின் அது இலைகளுக்கு நடுவில் அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஓர் இரவில் கீழே விழும். விடிவதற்குள் கீரியோ பூனையோ எறும்போ வேலையை முடித்துவிடுகின்றன. வரப்பில் நாலு பச்சை இறகு கிடந்தால் பருந்து அடித்தது என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறோம். காட்டுக்கிளிகளின் குடல்நோயைப் பற்றிய அறிவு பெரும்பாலும் கூண்டுக்கிளிகளிடமிருந்து வந்ததாக இருப்பதற்கு இதுவே காரணம். கூண்டுக்கு அடியில் ஒரு காகிதம் இருக்கிறது; அந்தக் காகிதத்தைத் தினமும் ஒருவர் மாற்றுகிறார்.

அப்படிப்பட்ட ஒரு காகிதத்தை நான் சித்தூரில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டில் பார்த்தேன். அவர்கள் வளர்த்தது சன் கானூர் என்ற தென்னமெரிக்கக் கிளி. மஞ்சளும் ஆரஞ்சும் கலந்து மாம்பழம்போல இருக்கும். "தீனி தின்னுட்டேதான் இருக்குது, ஆனா எளைச்சுட்டே போகுது," என்றார் வீட்டம்மா. கூண்டின் தட்டை வெளியே இழுத்தபோது, எச்சத்தின் வெண்மைக்கும் பச்சைக்கும் நடுவில், உமி நீங்கிய தினைமணிகள் விழுங்கிய வடிவம் கெடாமல் அப்படியே கிடந்தன. கிளியை ஒரு துணியில் பிடித்து மார்பைத் தடவினேன். இருபக்கமும் சதை நிறைந்து மேடாக இருக்கவேண்டிய இடத்தில் நெஞ்செலும்பு அரிவாள்மணையின் முதுகுபோலத் துருத்திக்கொண்டு நின்றது. மூன்று வாரத்தில் அது இறந்தது. உடற்கூறு ஆய்வு எதுவும் நடக்கவில்லை. ஆகவே அதற்கு வந்தது இன்ன நோய்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஈய நச்சு, வயிற்றுப் பூஞ்சை, குடற்புழு ஆகிய மூன்றும் ஏறக்குறைய இதே காட்சியைக் காட்டக்கூடியவை. ஆனால் தின்றும் இளைப்பது, தின்றது தின்றபடியே வெளியே வருவது என்ற இரண்டும் சேர்ந்தால் கிளி மருத்துவர்களின் நாவில் முதலில் வரும் பெயர் ஒன்று உண்டு. சுரப்பிரைப்பை வீக்க நோய் என்று அதைத் தமிழில் சொல்லலாம், மருத்துவர்கள் பி.டி.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள்.

இந்த நோயைப் புரிந்துகொள்ளக் கிளியின் வயிற்றுக்குள் ஒருமுறை போய்வர வேண்டும். கிளி, கோழியைப்போல மணியை முழுதாக விழுங்குவதில்லை. அலகால் உமியை உரித்துத் தள்ளிவிட்டுப் பருப்பை மட்டும் உள்ளே அனுப்புகிறது. அது முதலில் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையில் தங்கி ஊறுகிறது. அங்கிருந்து சுரப்பிரைப்பைக்கு இறங்கி அமிலத்திலும் செரிமான நீரிலும் நனைகிறது. அதற்கடுத்து இருப்பது, கோழிக்குழம்பில் தடித்த சதைத்துண்டாக வருமே, அந்த அரைவைப்பை. இரண்டு பைகளும் முறைவைத்துச் சுருங்கி விரிந்து, தீனியை ஒன்றிடம் மற்றது கொடுத்தும் திருப்பி வாங்கியும் அரைக்கின்றன. இந்த முறையை நடத்துவது மூளை அன்று. பையின் சுவருக்குள்ளேயே பொதிந்திருக்கும் சிறுசிறு நரம்புக் கணுக்கள். நோய் வந்த கிளியில் அழிவது இந்தக் கணுக்கள்தான். சுரப்பிரைப்பைக்குச் சுருங்கும் கட்டளை வராமல் போகிறது, தீனி தேங்குகிறது, பை நாளுக்கு நாள் விரிந்து, அதன் சுவர் உள்ளே இருக்கும் மணி வெளியே தெரியும் அளவுக்கு மெலிகிறது. சில கிளிகளில் அது கிழிந்தும் போவதுண்டு. அரைபடாத மணிகள் குடல்வழியே நழுவி எச்சத்தில் விழுகின்றன. கிளி பசியால் மேலும் தின்கிறது. நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்து சாவது என்பது இந்த நோயில் வெறும் அலங்காரப் பேச்சாகச் சொல்லப்படுவதில்லை.

ஆகவே குடல்நோய் என்று இதை அழைப்பது பாதி சரி. வயிற்றில் வெளிப்படும் நரம்புநோய் என்பதே பொருத்தமான விளக்கம். சில கிளிகளில் வயிறு நன்றாகவே இருக்கும். அதற்குப் பதிலாகக் கால் தள்ளாடும், தலை நடுங்கும், வலிப்பு வரும், பார்வை போகும். ஒரே நோய் இப்படி இரண்டு வேடம் போட்டதால்தான் அதன் காரணத்தைக் கண்டுபிடிக்க முப்பது ஆண்டுகள் ஆயின. 1970களின் இறுதியில், பொலிவியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியான பஞ்சவர்ணக்கிளிகளில் இது முதலில் கவனிக்கப்பட்டது. அதனால் அப்போது மக்காவ் மெலிவு நோய் என்றார்கள். பிறகு சாம்பல்கிளி, கொண்டைக்கிளி, அமேசான் கிளி என்று பல இனங்களில் தெரியவந்தது. வைரஸ் என்ற சந்தேகம் தொடக்கத்திலிருந்தே இருந்தது, ஆனால் எந்த வைரஸ் என்று யாராலும் பிடிக்க முடியவில்லை. 2008இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள், சான் பிரான்சிஸ்கோவில் ஒன்றும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒன்றும், தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. இறந்த கிளிகளின் திசுவில் இருந்த மரபுப் பொருளை மொத்தமாகப் படித்துப் பார்த்தபோது அவர்களுக்குக் கிடைத்தது போர்னா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை அறியப்படாத உறுப்பினர்.

போர்னா என்பது ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள ஓர் ஊர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குதிரைப்படைக் குதிரைகள் மூளைநோய் கண்டு சாய்ந்ததால் ஊர்ப்பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. குதிரையையும் ஆட்டையும் தாக்கும் வைரஸ் என்று நூறாண்டுகளாக நம்பப்பட்ட ஒன்றின் உறவுக்காரன் கிளியின் வயிற்றில் உட்கார்ந்திருப்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. பெரும்பாலான ஆர்.என்.ஏ. வைரஸ்கள் உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே தங்கி அவசரமாகப் பெருகும்; பல, அணுவைச் சிதைத்துவிட்டே வெளியேறும். போர்னா வைரஸ் அணுவின் உட்கருவுக்குள்ளேயே குடியேறி, அணுவைக் கொல்லாமல், சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் வாழக்கூடியது. வாடகைக்கு வந்து வீட்டைப் பாழாக்காத குடித்தனக்காரர்போல என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் கிளி ஏன் சாகிறது?

நோயின் சுவையான பகுதி இங்கேதான் இருக்கிறது. இறந்த கிளியின் வயிற்றுச் சுவரை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், நரம்புக் கணுக்களைச் சுற்றிக் கிளியின் சொந்த நோயெதிர்ப்பு அணுக்கள் மொய்த்திருப்பது தெரியும். வைரஸ் ஒளிந்திருக்கும் வீட்டை இடிப்பவை அந்தக் காவல் அணுக்களே. இதைச் சோதித்துப் பார்க்க, காக்டீல் கிளிகளுக்கு (நம் பக்கத்துக் கடைகளில் காக்டெயில் என்றே எழுதிப் போடுகிறார்கள்) நோயெதிர்ப்பைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைக் கொடுத்துவிட்டு வைரஸை ஏற்றினார்கள். வைரஸ் உடலில் பெருகியது. நோய் மட்டும் வரவில்லை. தொற்று வேறு, நோய் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. தொற்றுள்ள கிளிகளில் பல வாழ்நாள் முழுதும் கொழுகொழுவென்று இருந்துவிடுகின்றன. சில, தொற்றி ஆண்டுகள் கழித்துத் திடீரென்று இளைக்கத் தொடங்குகின்றன. வைரஸ் எச்சத்தில் சில நாள் வரும், சில நாள் வராது. ஒருமுறை எச்சத்தைச் சோதித்து இல்லை என்று வந்தால் அதை நற்சான்றிதழாகக் கொள்ள முடியாது என்பது இதனால்தான். இரத்தத்தில் எதிர்ப்புப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். உறுதி வேண்டுமானால் தீனிப்பைச் சுவரில் ஒரு துண்டு வெட்டி எடுத்து நரம்புக் கணுவை நேரில் பார்க்க வேண்டியிருக்கிறது.

மருந்து என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. தடுப்பூசியும் விற்பனைக்கு இல்லை. எளிதில் செரிக்கும் மாவுத் தீனியும், அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளும் சில கிளிகளுக்கு ஆயுளை நீட்டித் தருகின்றன. அந்த மாத்திரைகளில் ஒன்றான மெலாக்சிகாம் நமக்குப் பழகிய பெயர்தான். மாடுகளுக்கு டைக்ளோஃபெனாக் போட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்தபோது, 2006இல் அதைத் தடைசெய்து அதற்கு மாற்றாக முன்வைத்த மருந்து அது. கழுகுகளைக் காப்பாற்றிய அந்த மருந்து கிளிகளுக்கு நன்மை செய்கிறதா என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. காக்டீல்களில் செய்த ஒரு சோதனையில் அது நிலைமையை மோசமாக்கியதாகவே தெரிந்தது.

எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு முதலில் தோன்றும் விடை எச்சம்தான். வைரஸ் எச்சத்திலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. கிளிகள் நெருக்கியடித்து வாழ்கின்றன. கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகிறது. ஆனால் காக்டீல்களுக்கு வாய்வழியாகவும் மூக்குவழியாகவும் வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது தொற்று பிடிக்கவே இல்லை. மூளையிலோ இரத்தத்திலோ நேராக ஏற்றினால் பிடித்தது. தொற்றுள்ள பெட்டையின் முட்டையில் வைரஸின் மரபுப் பொருள் இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். தின்னும் தீனியைவிட, கடிக்கும் காயமும் பிறந்த கூடும் முக்கியமாக இருக்கலாம் என்ற பக்கம் இவை சாய்கின்றன. ஒரே பொந்தில் பிறந்து, ஒரே வாயிலிருந்து கக்கிய தீனியை வாங்கித் தின்று, பொந்துக்காக ஒன்றையொன்று கடித்துச் சண்டையிடும் பறவை கிளி என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி காட்டுக்கு வருவோம். கூண்டு நோய் என்று கருதப்பட்ட இது, கூண்டையே அறியாத பறவைகளிடமும் இருப்பது பிறகு தெரிந்தது. வட அமெரிக்காவின் காட்டு வாத்துகளிலும் அன்னங்களிலும் இந்தக் குடும்பத்தின் வேறொரு வைரஸ் கிடைத்தது. பிரேசிலில் சுதந்திரமாகத் திரியும் கிளிகளிடம் கிளிப் போர்னா வைரஸ் இருப்பது 2014இல் வெளியான ஆய்வில் பதிவாயிற்று. அதே பிரேசிலின் சிறு நீல மக்காவ் கதை இதைவிடக் கசப்பானது. அந்த இனத்தின் கடைசிக் காட்டுப் பறவை 2000இல் காணாமல் போனபின், உலகெங்கும் கூண்டுகளில் மிஞ்சியிருந்த சில பத்துப் பறவைகளை வைத்து இனத்தை மீட்க முயன்றார்கள். அந்தக் கூண்டுகளிலும் பி.டி.டி. புகுந்தது. 2022இல் பாகியா மாநிலத்தின் குராசா பகுதியில் முதல் கிளிகளைத் திறந்துவிடுவதற்குமுன் சோதனைகளில் கழிந்த ஆண்டுகளை நினைத்தால், ஒரு கிளியைக் காட்டில் விடுவது கூண்டுக் கதவைத் திறப்பதோடு முடிகிற வேலை அன்று என்பது விளங்கும்.

காட்டுக்கிளிகளைப் பொறுத்தவரை போர்னாவைவிட அதிகம் அஞ்சவேண்டியது வேறொரு வைரஸ் என்பது என் கணிப்பு. அலகு இறகு நோயை உண்டாக்கும் சர்க்கோ வைரஸ் அது. அலகும் இறகும் பெயரில் இருப்பதால் அதைத் தோல்நோய் என்று நினைத்துவிடக் கூடாது. முதிர்ந்த கிளியில் இறகு உதிர்ந்து அலகு உருக்குலைவது அதன் மெதுவான முகம். குஞ்சுகளில் அது வேகமானது: தீனியைக் கக்கும், கழியும், ஓரிரு வாரத்துக்குள் இறகில் எந்த மாற்றமும் காட்டாமலேயே இறந்துவிடும். பொந்துக்குள் இறந்த குஞ்சை யார் பார்க்கப்போகிறார்கள்? இந்த வைரஸ் எச்சத்திலும் தீனிப்பை நீரிலும் இறகுத் தூளிலும் வெளியேறுகிறது. போர்னா வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டு. சவுக்காரமும் வெயிலும் அதைக் கரைத்துவிடும். சர்க்கோ வைரஸுக்கு அந்த உறை இல்லை. கொழுப்பு உறையைக் கரைத்துக் கொல்லும் சாதாரணக் கிருமிநாசினிகளுக்கு அது அசைந்துகொடுக்காது. வெயில் படாத பொந்தின் தூசியில் மாதக்கணக்கில் காத்திருந்து அடுத்த பருவத்துக் குஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு மலைப்பகுதிக் காட்டுக்கிளிகளில் இறகிழந்த பறவைகள் 1880களிலேயே கண்ணில் பட்டிருக்கின்றன. 2001இல் அந்த நாடு இந்த நோயை அழிவின் விளிம்பில் உள்ள கிளிகளுக்கான முதன்மை அச்சுறுத்தல்களில் ஒன்றாகச் சட்டப்படி அறிவித்தது. பிறகு கிளியினத்தைச் சேராத வானவில் பஞ்சுருட்டானிலும் ஆந்தையிலும்கூட அதே வைரஸைக் கண்டார்கள். ஆனால் நம் பகுதிக்கு நேரே வந்து பேசும் பாடம் மொரிஷியஸ் தீவில் இருக்கிறது. அந்தத் தீவுக்கே உரிய எக்கோ கிளி, நம் பச்சைக்கிளிக்கு மிக நெருங்கிய உறவு. பார்த்தால் நம்மூர்க் கிளி என்றே நினைப்போம். 1980களில் ஏறக்குறைய பத்துப் பறவைகளாகக் குறைந்துபோன அதைக் குஞ்சு குஞ்சாகக் கைவளர்ப்பு செய்து பெருக்கினார்கள். 2005 வாக்கில் அந்தக் கூட்டத்தில் அலகு இறகு நோய் வெடித்தது. அதே தீவில் நம் பச்சைக்கிளியும் இருக்கிறது. கூண்டில் கொண்டுபோனவை தப்பிப் பெருகியதன் வாரிசுகள் அவை. வைரஸ் இரண்டு இனத்திலும் கண்டறியப்பட்டது. நல்லவேளையாக எக்கோ கிளி தாக்குப்பிடித்தது. இன்று அங்கே நூற்றுக்கணக்கில் பறக்கின்றன. பச்சைக்கிளி இப்படி 30க்கும் மேற்பட்ட நாடுகளில் கூண்டிலிருந்து தப்பிக் குடியேறியிருக்கிறது. எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும், எந்தப் பொந்திலும் நுழையும், எந்தக் கூட்டத்தோடும் சேரும். கூண்டிலிருக்கும் வைரஸ் காட்டுக்குப் போக ஏணி தேடினால் இதைவிட நல்ல ஏணி கிடைக்காது.

அந்த ஏணி எங்கள் ஊரில் எங்கே சாத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம். பாலக்காட்டுக் கணவாய் என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கிலோமீட்டருக்கும் மேலான அகலத்தில் திறந்துகிடக்கும் வாசல். சமவெளியின் நெல்லையும் கடலையையும் நம்பி வாழும் பச்சைக்கிளி ஒரு பக்கம். நெல்லியாம்பதியிலும் பறம்பிக்குளத்திலும் உள்ள காட்டோரங்களில் செந்தலைக்கிளியும், தலைகீழாகத் தொங்கி உறங்கும் சின்னக்கிளியும், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலச்சிறகுக் கிளியும் இன்னொரு பக்கம். காடு முடிந்து தோப்பு தொடங்கும் இடங்களில் இவை ஒரே அத்தி மரத்தில் சேர்ந்து தின்பதைப் பார்க்கலாம். மொரிஷியஸில் எக்கோ கிளி நின்ற இடத்தில் இங்கே நீலச்சிறகுக் கிளியை நிறுத்திப் பார்த்தால் கவலை எங்கே என்பது தானே தெரியும்.

சமவெளியில் கிளிகளின் வீடு மொட்டைப்பனை. மண்டை காய்ந்து விழுந்த பனையின் உச்சியில் உள்ளீடு மக்கிப் பள்ளமாகும்; கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை எல்லாம் அதற்காக அடித்துக்கொள்ளும். கள் இறக்குகிறவர்களிடம் கேட்டால் எந்தப் பனையில் எந்த ஆண்டு எது குஞ்சு பொரித்தது என்று விரல்விட்டுச் சொல்வார்கள். காய்ந்த பனை என்றால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான், சூளைக்குப் போகிறது. பொந்து குறையக் குறைய, மிஞ்சிய பொந்துக்கு ஒரு பருவத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குடிகள் மாறும். பொந்துத் தூசியில் காத்திருக்கும் வைரஸுக்கு இதைப்போல வசதி வேறில்லை. அந்தியில் தென்னந்தோப்புகளிலும் ஆலமரங்களிலும் நூற்றுக்கணக்கில் ஒன்றாக அடையும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது.

மறுபக்கம் கூண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். சட்டம் இப்படி இருக்க, பனம்பொந்திலிருந்து எடுத்த குஞ்சு துணிப்பையில் எல்லை தாண்டுவது நின்றபாடில்லை. வெளிநாட்டுக் கிளிகளுக்கு அந்தத் தடை இல்லை. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான அனைத்துலக ஒப்பந்தப் பட்டியலில் உள்ளவற்றை வளர்ப்போர் பதிவுசெய்ய வேண்டும் என்ற விதிகள் 2024இல்தான் வந்தன. கோயம்புத்தூர், பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் என்று கடைகளிலும் வீடுகளிலும் காதல்கிளி, காக்டீல், கானூர், சாம்பல்கிளி, மக்காவ் எல்லாம் கைமாறுகின்றன. ஒரே கடையில் மேல்தட்டுக் கூண்டில் அமெரிக்கக் கிளி, கீழ்த்தட்டில் ஆப்பிரிக்கக் கிளி. மேலே உள்ளதன் எச்சம் கீழே உள்ளதன் தண்ணீர்க் கிண்ணத்தில். இரண்டு கண்டங்களின் வைரஸ்கள் சந்தித்துப் பேச ஆறடி உயர இரும்புச் சட்டம் ஒன்று போதும்.

எல்லையில் சோதனை இல்லையா என்றால், இருக்கிறது. 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளில் பறவைக்காய்ச்சல் வந்தபோது, வாளையாறு முதல் மீனாட்சிபுரம் வரை தமிழ்நாட்டுச் சாவடிகளில் கோழி, முட்டை வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். வந்த வண்டிகளின் சக்கரங்களில் கிருமிநாசினி தெளித்தார்கள். அதைக் குறைசொல்ல வரவில்லை. பறவைக்காய்ச்சல் மனிதரையும் தொடக்கூடியது, கோழித் தொழிலையே சாய்க்கக்கூடியது. ஆனால் சக்கரத்துக்குத் தெளித்த மருந்து, பேருந்தில் மடியில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு போகிறவரைத் தொடுவதில்லை. கிளியும் கோழியும் தனித்தனி உலகம் என்று நினைப்பதும் தவறு. 1971 முதல் 1973 வரை தெற்குக் கலிபோர்னியாவில் கிட்டத்தட்ட ஒரு கோடியே இருபது இலட்சம் கோழிகளைக் கொன்றொழிக்க வைத்த நியூகாசில் நோய், அதாவது நம் வெள்ளைக்கழிச்சலின் கொடிய வடிவம், இறக்குமதியான வளர்ப்புக் கிளிகளோடு வந்ததாகக் கண்டறிந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் காட்டுப் பறவை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியதும், 2007இல் அதை நிலையாக்கியதும் பறவைக்காய்ச்சலுக்கு அஞ்சித்தான்.

கூண்டுக்கும் காட்டுக்கும் நடுவே கதவைத் திறப்பது பெரும்பாலும் கெட்ட எண்ணம் அன்று, இரக்கம். பரிகாரம் என்று சொல்லிக் கிளியை விலைக்கு வாங்கிப் பறக்கவிடுகிறார்கள். வளர்த்த கிளி நோயாளியானதும் கண்முன்னே சாக வேண்டாம், வெளியே போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். சோதனையில் பறிமுதலான கிளிகளையும் அன்றே கிட்டத்துக் காட்டில் விட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், எந்த உயிரையும் காட்டில் விடுவதற்குமுன் அதனோடு என்னென்ன நோய் போகக்கூடும் என்று ஆராயச் சொல்கின்றன. பறிமுதலான கிளி, கடையில் மக்காவின் கீழ்த்தட்டில் பத்து நாள் இருந்த கிளியாக இருக்கலாம். அதைத் தனியே வைத்துச் சில வாரம் கவனிப்பதும், எச்சத்தையும் இறகையும் ஒருமுறைக்கு இருமுறை சோதிப்பதும், தேறாவிட்டால் காப்பகத்திலேயே வைத்துக்கொள்வதும் இரக்கக் குறைவு ஆகாது. விடுதலை பெறும் ஒரு கிளியைப் பற்றி மட்டுமே நினைக்கிற இரக்கத்தை நான் அரைகுறை இரக்கம் என்றே சொல்வேன். அது போய்ச் சேரும் கூட்டம் அதில் கணக்கில் வரவில்லை.

மனிதருக்கு ஆபத்து உண்டா என்று கேட்பவர்களுக்கு: கிளியின் போர்னா வைரஸோ சர்க்கோ வைரஸோ மனிதருக்குத் தொற்றியதாக அறியப்படவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பத்தை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 2011க்கும் 2013க்கும் இடையில் ஜெர்மனியின் சாக்சனி-அன்ஹால்ட் மாநிலத்தில் நடு அமெரிக்க அணில்களை வளர்த்த மூன்று முதியவர்கள் மூளை அழற்சியால் இறந்தார்கள். காரணம் அணிலிலிருந்து வந்த வேறொரு போர்னா வைரஸ். கிளி எச்சத்தைக் கையாளும்போது உண்மையில் அஞ்சவேண்டியது சிட்டக்கோசிஸ் என்ற கிளிக்காய்ச்சலுக்கு. அது வைரஸ் அன்று, பாக்டீரியா, உலர்ந்த எச்சத் தூசியை மூச்சிழுத்தால் நுரையீரலைப் பிடிக்கும், மருந்துக்குக் கட்டுப்படும். கூண்டுத் தட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்தபின் துடைப்பது, முகக்கவசம் அணிவது ஆகிய இரண்டும் போதும்.

காட்டுக்கிளியைக் கவனிப்பதற்கும் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கிளிகள் அடையும் மரத்தின் கீழே அந்தியில் ஒரு வெள்ளைத் தார்ப்பாயை விரித்துவைத்து விடியலில் எடுத்தால், பிடிக்காமலும் கலைக்காமலும் ஒரு கூட்டத்தின் ஓர் இரவு எச்சம் கைக்கு வந்துவிடும். அரைபடாத மணி இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வகத்துக்கு அனுப்பவும் அதே எச்சம் பயன்படும். ஒரே காலையில் பத்துக் கிளி செத்துக் கிடந்தால் முதலில் வயிற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டாம். பக்கத்து வயலில் விதைநேர்த்தி செய்த கடலை விதைத்தார்களா, மருந்தடித்தார்களா என்று கேட்க வேண்டும். பாலக்காட்டுக் கோடை 40 பாகையைத் தாண்டும் நாட்களில் வெயிலே கிளியை வீழ்த்தும். வைரஸ் வேலை செய்யும் விதம் வேறு: இங்கொன்று அங்கொன்றாக, மார்பு வற்றிய கிளி. அப்படி ஒன்று கிடைத்தால் உறைபெட்டியில் வைக்காமல், பனிக்கட்டிமேல் குளிர்ச்சியாக வைத்து அன்றே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். உறைந்துபோனால் நரம்புக் கணுக்கள் சிதைந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது. எங்களுக்குக் கிட்டத்தில் இருப்பது மண்ணுத்தி.

சித்தூர் வீட்டுக்கு ஒரு மாதம் கழித்து மறுபடி போயிருந்தேன். கானூர் இருந்த கூண்டைக் கழுவாமல் மொட்டைமாடிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். யாரோ கேட்டிருக்கிறார்களாம், கொடுத்துவிடப் போகிறார்களாம். மிஞ்சிய தினையை வீணாக்க மனமில்லாமல் தினமும் ஒரு கைப்பிடி மாடியில் தூவுவதாக வீட்டம்மா சொன்னார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தோப்புப் பக்கமிருந்து நாலு பச்சைக்கிளிகள் வந்து இறங்கின. மூன்று தரையில் பொறுக்கின. நான்காவது கூண்டின்மேல் உட்கார்ந்து, கம்பிக்குள் தலையை விட்டு, அடித்தட்டில் ஒட்டியிருந்த மணிகளைக் கொத்தத் தொடங்கியது.